பாறை நடக்காது

அலுவலக வாசல் கரும்பலகையில் அவருக்கு இரங்கல் எழுதியிருந்தார்கள். 'முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் ஒரு பிழைகூடச் செய்யாத நில அளவர்' என்று கலர் சாக்பீஸில், ஓரத்தில் பூவெல்லாம் வரைந்து. படித்ததும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இறந்துபோன மனிதரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டியதுதான், யார் வேண்டாம் என்றது? அதற்காகப் பொய்யா எழுதுவது? அதுவும் அவரைப் பற்றி! உயிரோடு இருந்து அதைப் பார்த்திருந்தால் அந்த மனிதரே திருத்திவிட்டுத்தான் உள்ளே போயிருப்பார்.

பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸை எடுத்து, 'ஒரு பிழைகூடச் செய்யாத' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தேன். காவல்காரர் ஓடி வந்தார்.

"என்னக்கா பண்றீங்க? புது மேலதிகாரி எழுதச் சொன்னதுக்கா."

"தப்பா எழுதச் சொல்லியிருக்கார். மையக்கா அடிச்சுட்டுப் போனான்னு போய்ச் சொல்லுப்பா."

ஓய்வு பெற்று நாலு வருஷமான கிழவிக்கு இவ்வளவு திமிரா என்று அவர் நினைத்திருக்கலாம். நினைக்கட்டும். நூல் சார் ஒரு பிழை செய்தார். சின்னப் பிழை இல்லை. ஒரு மனிதனைச் சாகும்வரை பொய்யனாக்கிய பிழை. அதில் எனக்கும் பங்கு உண்டு. இந்த அலுவலகத்தில் அது தெரிந்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். என் வாயும் மூடிவிட்டால் பலகையில் இருப்பதுதான் உண்மை என்று ஆகிவிடும். அதனால் சொல்லிவிடுகிறேன்.

நான் அங்கே வரைபடக்காரி. அளப்பவர்கள் வெயிலில் நடந்து அளவுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு வருவார்கள். அதைப் பார்த்துத் தாளில் வயலையும் வீட்டையும் கோடாகப் போட்டு மை ஏற்றுவது என் வேலை. வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் சாய்வு மேசை. நிழல் விழாத வெளிச்சம் வடக்கு ஜன்னலில்தான் கிடைக்கும். முப்பது வருஷமும் என் விரல் நகத்திலிருந்து மை போனதில்லை, அதனால் எல்லாருக்கும் நான் மையக்கா. அவர் எல்லாருக்கும் நூல் சார். அவர் நட்ட கல்வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று யாரோ ஆரம்பித்து வைத்த பெயர். நூல் என்றால் கயிறும்தான், புத்தகமும்தான்; அவருக்கு இரண்டுமே பொருந்தியது. கையில் எப்போதும் அளவுப் புத்தகம் இருக்கும். "மனுஷன் மறப்பான், புரட்டுவான். புத்தகம் பொய் சொல்லாது," என்பார். ஒரு நாளைக்கு நாலு தரமாவது அதைக் கேட்காமல் எங்களுக்கு விடியாது.

அவருடைய அளவுப் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. தெருவில் நடந்தாலும் காலடியை எண்ணுவார். அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர், நல்ல வாய்த்துடுக்கு. "கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, நானும் இவரும் பேசிக்கிட்டு நடந்ததே இல்லை மையக்கா. பேசினா எண்ணிக்கை விட்டுப்போயிடுமாம்," என்று என்னிடம் தலையில் அடித்துக்கொள்வார். அவர்கள் வீட்டுக் கூடத்தில் காலண்டர் மாட்டுவதற்குத் தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்ப்பார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அலுவலகத்துக்கு வந்தவர், "ஐம்பத்தோரு சென்டிமீட்டர்," என்றார். ஆணா பெண்ணா என்று நாங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

எல்லாரும் அளந்து முடித்துத் தலைப்பு எழுதுவார்கள். அவர் முந்தின நாள் மாலையே, அலுவலகத்தில் உட்கார்ந்து, மறுநாள் அளக்கப்போகும் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கம் ஒதுக்கித் தலைப்பை மையில் எழுதிவிடுவார். எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்வரை என்று அழகாக, அச்சடித்த மாதிரி. வயலில் நின்றுகொண்டு எழுதினால் எழுத்து கோணிவிடுமாம். எங்களில் யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. அவரைப் பார்த்து நாலு பேர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கூட்டத்தில் பாராட்டியதுகூட உண்டு.

அளவுப் புத்தகத்தை எப்படி எழுதுவார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. அதுதான் அளப்பவர் நடக்கிற வழி. பக்கத்தின் அடியிலிருந்து மேல் நோக்கி எழுதிக்கொண்டு போக வேண்டும். நடக்கும்போது இடது கைப் பக்கம் இருப்பதைக் கோட்டுக்கு இடது பக்கமும், வலது கைப் பக்கம் இருப்பதை வலது பக்கமும் குறிப்பார்கள். இத்தனை மீட்டர் நடந்தேன், வலது பக்கம் இத்தனை மீட்டர் தள்ளி எல்லை திரும்புகிறது, அவ்வளவுதான். ஆனால் எங்கிருந்து நடந்தார் என்பது மாறினால் எல்லாமே மாறிப்போகும். தெற்கே பார்த்து நடப்பவருக்கு வலது கை மேற்கு. வடக்கே பார்த்து நடப்பவருக்கு அதே வலது கை கிழக்கு.

அவர் வேலைக்குச் சேர்ந்து எட்டாவது வருஷம். ஒரு பெரியவர் தன் நிலத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுக்க மனு கொடுத்திருந்தார். கிழக்குப் பாதி மூத்தவனுக்கு, மேற்குப் பாதி இளையவனுக்கு. வடக்கு எல்லையில் ஒரு கல், தெற்கு எல்லையில் ஒரு கல், இரண்டுக்கும் நடுவே எண்பத்து நாலு மீட்டர். நேராக ஒரு கோடு இழுத்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கோட்டின் நட்ட நடுவில் ஒரு கிணறு இருந்தது. மூத்தவன் வெளியூரில் பஸ் டிரைவர். இளையவன்தான் மண்ணில் கிடந்து காய்கறி போடுகிறவன். அதனால் கிணறு இளையவனுக்கு என்று பெரியவர் முடிவு செய்திருந்தார். எல்லை கிணற்றைக் கிழக்கே நாலு மீட்டர் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அன்று வயலில் இருந்தது பெரியவர், இளையவர், நூல் சார், அளவுச் சங்கிலி பிடிக்கிற சங்கிலியண்ணன், இந்த நாலு பேர்தான். மூத்தவர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு எங்கேயோ இருந்தார்.

தலைப்பு முந்தின நாளே மையில் எழுதியாகிவிட்டது: வடகல் முதல் தென்கல் வரை. போய்ப் பார்த்தால் வடகல்லின் இடுக்கில் குளவி கூடு கட்டியிருக்கிறது. சங்கிலியண்ணன் கையை வைத்ததும் மூஞ்சியில் நாலு கொட்டு. பெரியவர் சருகைக் கூட்டிப் புகை போட்டுக் கூட்டைக் கலைப்பதற்குள் நேரம் வீணாகிறதே என்று நூல் சார் தென்கல்லுக்குப் போய் அங்கிருந்து அளந்துகொண்டு வந்தார். நடந்த திசை தலைப்புக்கு எதிராகிவிட்டதை அவர் கவனிக்காமல் இல்லை. அலுவலகம் போய் நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம் என்று பக்கத்தின் அடியில் பென்சிலால் சின்னதாக 'தெ' என்று போட்டு, மேல் நோக்கி ஒரு அம்பு வரைந்து வைத்தார். எல்லை திரும்புகிற இடத்தில் மர முளை அடித்தார்கள். பெரியவர் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

அலுவலகத்துக்கு வந்தால் மேசை மேல் மாற்றல் உத்தரவு காத்திருந்தது. அந்தப் பரபரப்பில் தலைப்பு மறந்துபோனது.

புத்தகம் என் மேசைக்கு வந்தது. இங்கேதான் என் கதை.

அதற்கு ஒரு வாரம் முன்னால் அவர் நான் வரைந்த ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும், "இது எழுத்தா, இல்ல எறும்பு மையில விழுந்து எந்திரிச்சுப் போன தடமா?" என்று கேட்டிருந்தார். பிரிவே சிரித்தது. டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வருகிற வயசு. இப்போது மட்டும் என்ன, குறைந்தா போய்விட்டது? அன்றையிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வணக்கம் சொன்னால் மைப்புட்டியைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவேன். அவரும் நாலு தரம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அந்தப் பக்கத்தை விரித்தபோது பென்சில் அம்பை நான் பார்த்தேன். 'தெ' என்று இருந்ததையும் பார்த்தேன். தலைப்பில் வடகல் முதல் என்கிறது, அடியில் தெற்கு என்கிறதே என்று ஒரு நிமிஷம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மேசை எனக்கு ஆறு காலடி தூரம். எழுந்து போய், "சார், இது எந்தப் பக்கத்துலேர்ந்து?" என்று கேட்டிருந்தால் முடிந்தது. கேட்பேனா நான்? எறும்பு எப்படிக் கேட்கும்? மை இருக்கிற இடத்தில் பென்சில் எடுபடாது என்பது எங்கள் பிரிவில் சட்டம், அதன்படி செய்தால் என்னை யார் கேட்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தலைப்பின்படியே வரைந்தேன். எழுத்து மட்டும் முத்து முத்தாக எழுதினேன். அவர் பெட்டி கட்டுகிற அவசரத்தில் எண்களை ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எண்களில் தப்பே இல்லை. நாற்பத்திரண்டாவது மீட்டர், வலது நாலு, எல்லாம் இருந்தது. கிணறு நட்ட நடுவில் இருந்ததால் எந்தக் கல்லிலிருந்து எண்ணினாலும் நாற்பத்திரண்டுதான். பக்கம்தான் மாறிப்போயிருந்தது.

நாங்கள் பேசாமல் இருந்தது மொத்தம் பதினைந்து நாள். அவர் ஊர் மாறிப் போகிற அன்று, "கோவம் போச்சா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். படத்தைப் பற்றி இருவருக்குமே ஞாபகம் இல்லை.

ஏழு மாசம் கழித்து, வேறு ஆட்கள், என் படத்தைப் பார்த்துக் கல் நட்டார்கள். அதற்குள் பெரியவர் காலமாகிவிட்டார். மர முளை மழையில் போய்விட்டது. முளை இருந்த இடத்தில் வர வேண்டிய நடுக்கல் கிணற்றுக்கு மேற்கே விழுந்தது. கிணறு மூத்தவர் பக்கம் போனது. இளையவர், "அப்பா எனக்குத்தான் கொடுத்தாரு, முளை அந்தப் பக்கம் இருந்துச்சு, என் கண்ணால பார்த்தேன்," என்று கத்தியிருக்கிறார். மூத்தவர் அரசாங்க முத்திரை போட்ட படத்தைக் காட்டியிருக்கிறார். மூத்தவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "தண்ணிதானே, கேட்டு எடுத்துக்க," என்றுதான் சொன்னாராம். "என் கிணத்துல நான் எதுக்குக் கேக்கணும்?" என்று இளையவர் கேட்டாராம். அதோடு பேச்சு நின்றது. இளையவர் அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து காய்கறிக்கு ஊற்றினார். ஒரு வாளிகூடக் கேட்கவில்லை. தெருவில் அவருக்குப் பெயர் 'கிணத்துப் பொய்யன்'. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளையும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மகள் கல்யாணத்துக்குப் பெரியப்பா வரவில்லை. பிறகு இளையவர் இறந்துபோனார்.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து அவர் மனைவி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நூல் சார் பல ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி எங்களிடமே வந்திருந்தார். ஓய்வுக்கு நாலு மாசம் இருந்தது. அந்தம்மா கையில் படத்தின் நகல். வீட்டுக்கடன் மனுவோடு வைக்க வாங்கினாராம். நேரே நூல் சார் மேசைக்கு வந்து, இளையவரின் மனைவி என்று சொல்லிப் படத்தை விரித்து, ஒரு புள்ளியில் விரலை வைத்தார்.

"சார், இது என்ன?"

"பாறைம்மா. அடையாளத்துக்குப் போடுவோம்."

"இந்தப் பாறை எங்க இருக்கு?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வடகல்லுலேர்ந்து ஒன்பது மீட்டர். கிழக்கே அஞ்சு. உங்க வீட்டுக்காரரோட அண்ணன் நிலத்துல."

"நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அந்தப் பாறையிலதான் சார் துணி காயப்போடறேன். அது எங்க வீட்டு வாசல்ல, தென்கல்லு பக்கத்துல, எங்க நிலத்துல இருக்கு. அந்த வயல்ல வேற பாறையே கிடையாது. மேப்ல மட்டும் அது அங்க போயிருக்கு. பாறை நடந்து போச்சா சார்?"

யாரோ ஒருவர் சிரித்தார். நூல் சார் சிரிக்கவில்லை. அவர் முகம் செத்துப்போனதை நான் என் மேசையிலிருந்து பார்த்தேன். அவருக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. எனக்கும்தான். அந்தம்மாவை உட்காரச் சொல்லிவிட்டுப் பதிவறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். இருபத்தேழு வருஷத் தூசியில் தும்மிக்கொண்டே கட்டுக்களைப் பிரித்து அந்தப் புத்தகத்தை எடுத்தோம். பக்கம் அப்படியே இருந்தது. மேலே அழகான மைத் தலைப்பு. அடியில், மங்கிப்போய், 'தெ'. அம்பு.

சங்கிலியண்ணன் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். போன் போட்டுக் கேட்டோம். "அந்தக் கிணத்து வயலா? மறப்பேனா சார், குளவி கொட்டி மூணு நாள் ஒரு கண்ணு திறக்கலையே! அதனாலதானே நாம தெக்கேர்ந்து வந்தோம்," என்றார்.

நூல் சார் பதிவறை ஸ்டூலில் உட்கார்ந்தார். "அந்தத் தம்பி மூணு தடவை வந்தாரு," என்றார். "நான் மாத்தலாகிப் போன ஊருக்கே பஸ் ஏறி வந்தாரு. 'சார், நீங்களே நின்னீங்களே, ஞாபகம் இல்லையா'ன்னு கேட்டாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? புத்தகம் பொய் சொல்லாதுன்னேன். புத்தகத்தைத் திறந்து பார்க்கவே இல்லை மையக்கா. கடைசித் தடவை சாப்பிடக் கிளம்பிட்டிருந்தேன். நின்னுகிட்டே சொல்லி அனுப்பினேன்." பிறகு அழுதார். சத்தம் வராமல், கண்ணாடியைக்கூடக் கழற்றாமல். நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

வெளியே அந்தம்மா காத்துக்கொண்டிருந்தார். "கிணறு வேணும்னு வரல சார். காயெல்லாம் போட்டது போதும், பிள்ளைங்க வேற வேலைக்குப் போயிட்டாங்க. அவர் பொய் சொல்லலைன்னு ஒரு காகிதத்துல எழுதிக் கொடுங்க. அது போதும்," என்றார்.

மேலதிகாரி சங்கடப்பட்டார். அவர் நல்ல மனிதர், நூல் சாரைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "எதுக்கு சார் பெருசு பண்றீங்க? 'மறு அளவையில் வேறுபாடு காணப்பட்டது'ன்னு ஒரு வரி போடுங்க. புதுக் கல் நட்டுடலாம். உங்க பேர் எங்கயும் வராது. நாலு மாசத்துல மாலை மரியாதையோட வீட்டுக்குப் போங்க," என்றார்.

"காணப்பட்டதுன்னா யார் சார் கண்டது? அந்தம்மா கண்டாங்க. வேறுபாடு தானா முளைச்சுதா? நான் செஞ்சேன்," என்றார் நூல் சார். "'பட்டது, பட்டது'ன்னு எழுதி எழுதியே நாம யாரும் எதுவும் செய்யாதவங்களா ஆயிட்டோம். அந்த ஆளைப் பொய்யன்னு சொன்னதுக்கு மட்டும் ஆள் இருந்துச்சு சார். நான் இருந்தேன்."

எங்கள் வேலையில் ரப்பர் தொடக்கூடாது. தப்பாக எழுதியது படிக்கத் தெரிகிற மாதிரி அதன் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி. அவர் அந்தப் பழைய தலைப்பின் மேல் ஒரு கோடு இழுத்தார். 'தென்கல் முதல் வடகல் வரை' என்று எழுதினார். கீழே, 'பிழை என்னுடையது. இளையவர் கூறியதே சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

"நான் அம்பைப் பார்த்தேன் சார்," என்றேன். "பார்த்தும் கேக்கல."

"தெரியும். நீங்க பார்க்காம இருப்பீங்களா?"

"அப்போ ஏன் என் பேரை எழுதல?"

"தலைப்பை முன்கூட்டியே எழுதினது நான். திருத்த மறந்தது நான். நீங்க என்கிட்ட வந்து கேக்க முடியாதபடி பண்ணதும் நான்தானே," என்று மூடியைத் திருகிப் பேனாவைப் பையில் வைத்தார்.

எனக்கு அந்த வார்த்தை பொறுக்கவில்லை. அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

பின்னால் நடந்ததையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். விசாரணை வந்தது. ஓய்வு நாளில் மாலையும் இல்லை, கூட்டமும் இல்லை. டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு, எப்போதும் போலக் காலடியை எண்ணிக்கொண்டு நடந்து போனார். ஒன்றரை வருஷம் கழித்து எச்சரிக்கையோடு முடித்தார்கள். அந்த விசாரணைக் கோப்பு எங்கேயோ தூங்குகிறது. அதனால்தான் பலகையில் எழுதுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறு அளவைக்குப் போன அன்று நானும் போனேன். தென்கல்லிலிருந்து ஒன்பது மீட்டர், மேற்கே அஞ்சு மீட்டர். நாடா போய் நின்ற இடத்தில் பாறை இருந்தது. அதன் மேல் ஒரு புடவையும் இரண்டு தலையணை உறையும் காய்ந்துகொண்டிருந்தன. நாற்பத்திரண்டாவது மீட்டரில் நின்று கிழக்கே நாலு மீட்டர் அளந்து, புது நடுக்கல்லை நட்டார்கள். மேற்கே இருந்த பழைய கல்லைப் பெயர்த்து எடுத்தபோது அடியில் மண் வெளுத்து ஈரமாக இருந்தது. கிணறு மறுபடி இளையவர் பக்கம் வந்தது.

மூத்தவர் வந்திருந்தார். எழுபத்தைந்து வயசிருக்கும், கையில் தடி. பாறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நூல் சார் அவர் எதிரில் நின்று, அந்தம்மா கேட்டுக்கொண்டபடி, காகிதத்தைச் சத்தமாகப் படித்தார். 'எல்லை குறித்து இளையவர் கூறியது முழுவதும் உண்மை. அளவுப் புத்தகத்தில் திசையைத் தவறாகக் குறித்தது நான்.' படித்து முடித்ததும் மூத்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ எங்க அப்பா அவனுக்குத்தான் கொடுத்தாரா?"

"ஆமாங்க. என் முன்னாலதான் கொடுத்தாரு."

"அவன் சாகறப்போ ஆள் விட்டுக் கூப்பிட்டான். பொய்யன் வீட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்," என்றார் மூத்தவர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அந்தம்மாவின் பக்கத்தில் போய், அம்பைப் பார்த்ததையும், ஆறு காலடி எடுத்து வைத்துக் கேட்காமல் விட்டதையும், எதற்காகக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். எறும்பு, எழுத்து, எல்லாவற்றையும். சொல்லும்போதே எவ்வளவு அற்பமாக இருந்தது தெரியுமா? நூல் சார் தடுக்கப் பார்த்தார். அந்தம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"எத்தனை நாள் பேசாம இருந்தீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"பதினஞ்சு நாள்."

"நீங்க பதினஞ்சு நாள். இவங்க இருபத்து மூணு வருஷம்," என்றார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நூல் சார் கையிலிருந்த காகிதத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். "நீங்களும் கையெழுத்துப் போடுங்க. அவருக்கு ரெண்டு சாட்சி இருக்கட்டும்."

பாறை மேல் வைத்துப் போட்டேன். பாறையின் மேடுபள்ளத்தில் எழுத்து கோணலாகத்தான் வந்தது. அந்தம்மா வாங்கிப் பார்த்து, நாலாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

மூத்தவர் தடியை ஊன்றி எழுந்தார். கிணற்றைப் பார்த்து நடந்தார். இருபத்தாறு வருஷமாக அவருடையதாக இருந்த கிணறு; கயிறும் வாளியும்கூட அவருடையவை. புது நடுக்கல் வரைக்கும் போனவர், அதைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று திரும்பித் தம்பி மனைவியைப் பார்த்தார்.

"கொஞ்சம் தண்ணி எடுத்துக்கலாமாம்மா?" என்று கேட்டார்.